எந்த ஒரு மூடிய பரப்புக்கும்

"எந்த ஒரு மூடிய பரப்புக்கும்" என்று வாசித்து முடித்த பிறகுதான் அந்தச் சொற்கள் இல்மா ஹெரிங்கரின் காதில் விழுந்தன. நேற்று கை எழுதியது, இன்று வாய் வாசித்தது, இரண்டுக்கும் நடுவில் இருந்திருக்க வேண்டிய ஆள் எங்கே போயிருந்தாள் என்று தெரியவில்லை. எந்த ஒரு. எந்த ஒரு என்றால் எந்த ஒன்றும்தான். பந்து, டயர் டியூப், இரண்டு பக்கம் உள்ளது, முறுக்கிக்கொண்டு ஒரே பக்கமாகிப் போனது, எல்லாம் அதில் அடக்கம். "இரு பக்கமுள்ள" என்று ஒரு சொல் அங்கே இருந்திருக்க வேண்டும். எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். அவளே மாணவர்களுக்குக் கரும்பலகையில் அடிக்கோடிட்டுக் காட்டிய சொல். தாளில் அந்த இடத்தை மறுபடி பார்த்தாள். இல்லை. அடித்துத் திருத்திய தடம்கூட இல்லை, எழுத்து மழைக்குப் பிந்திய தெரு மாதிரி சுத்தமாக இருந்தது. எதிரே நீள மேசையில் ஐந்து பேர், ஐந்து பேர் கையிலும் அவள் எழுதியதன் நகல், வலது ஓரத்தில் வால்டோமிரோ பெஸ்டானா. அவருடைய பென்சில் தாளில் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றியது. அந்தச் சத்தம் கேட்டது என்று அவள் சத்தியம் பண்ணத் தயார். ஏசி இரைச்சலில் கேட்டிருக்க வாய்ப்பே இல்லை. வாய் அடுத்த வரிக்குப் போய்விட்டிருந்தது, "மொத்த வளைவு அதன் வடிவத்தைப் பொறுத்ததல்ல, அதை எத்தனை துண்டாக எப்படிச் சேர்த்தோம் என்பதை மட்டுமே பொறுத்தது" என்று நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தது. நல்ல வாய். நிற்காத வாய். பின்னால் ஒரு வீடு எரிந்தாலும் முன்வாசலில் நின்று விருந்தாளியிடம் பேசிக்கொண்டிருக்கும் வாய்.

ரியோவின் இந்தப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பேராசிரியர் நாற்காலிக்கு வழி இதுதான். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கட்டும், பெயர் கடல் தாண்டியிருக்கட்டும், பள்ளிப் பிள்ளை மாதிரி பெட்டிக்குள் கைவிட்டு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் வந்த தலைப்பில், பூட்டிய அறையில், புத்தகமில்லாமல், பேனாவால் எழுத வேண்டும். எழுதியதை உறையிலிட்டு ஒட்டுவார்கள். மறுநாள் உறையைப் பிரித்து, எழுதியவரே அதை எழுதியது எழுதியபடி சபையில் உரக்க வாசிக்க வேண்டும். ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் தேர்வு செல்லாது. சபைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். பட்டியலில் இருந்த தலைப்புகளில் ஒன்று "ஹெரிங்கர் துணைத்தேற்றமும் பயன்களும்". அந்தச் சீட்டு வந்திருந்தால் அவள் தன்னுடைய கண்டுபிடிப்பையே தேர்வெழுதி, சரியாக எழுதினாளா என்று ஐந்து பேரிடம் மதிப்பெண் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் சீட்டு பழைய பெரிய தேற்றத்துக்கு விழுந்தது, வளைவின் மொத்தம் பற்றியது, அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியது. அங்கேதான் வினை. கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருக்கிறாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே மண்டபத்தில் இதே மாதிரி ஒரு தேற்றத்தில் இதே சொல்லை விட்டாள், இதே பெஸ்டானா எழுந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, மிக மரியாதையாக, "சென்யோரா, உங்கள் பரப்புக்கு எத்தனை பக்கம்?" என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. அன்று அவளுடைய நிரூபணம் இரண்டு பக்கமில்லாமல் ஓர் அடிகூட நகராது. "மன்னிக்கவும்" என்று சொல்லி உட்கார்ந்தாள். அவளோடு போட்டியிட்ட பழைய வகுப்புத் தோழன், இரண்டு பக்கத்தையும் மறக்காத கிளேபர், நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு பல மாதம் கான்டீனில் ரொட்டி கேட்டால் வரிசையில் யாராவது ஒருத்தன், "ரெண்டு பக்கமும் வாட்டணுமா, ப்ரொஃபெசோரா? இல்லே ஒண்ணு போதுமா?" என்பான். அவளும் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் இன்னும் பல மாதம் கேட்பான்கள் என்று தெரியும்.

இந்த முறை மற்ற பகுதிகள் எல்லாம் முடிந்துவிட்டன, பாடம் நடத்துவது, ஆய்வுகளைப் பற்றிய விசாரணை, எல்லாம். மிச்சம் இந்த வாசிப்பு மட்டும். மற்ற நால்வரும் எப்படிப் போடுவார்கள் என்பது வராந்தாவில் தேநீர் கொடுப்பவர்வரைக்கும் தெரிந்த சங்கதி, இரண்டு பேர் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம், பெஸ்டானா சாய்கிற பக்கம் தராசு சாயும். இனி ஒரு நாற்காலி காலியாகும்போது அவள் ஓய்வு பெற்றிருப்பாள். ஆகவே இன்றைக்கு இல்லையென்றால் என்றைக்கும் இல்லை. ஒரு சொல்லைச் செருகிவிட்டால் என்ன? அடுத்த பக்கத்தில் "பரப்பு" என்று வரும் இடத்தில் மூச்சோடு மூச்சாக "இரு பக்கமுள்ள பரப்பு" என்று சொல்லிவிட்டால்? தூக்கக் கலக்கத்தில் இருக்கிறார்களே. இல்லை. மூன்று நாற்காலிக்கு முந்திய தேர்வொன்றில் ஒருவர், நல்ல மனிதர், வாசிக்கும்போது பழக்கதோஷத்தில் "தெளிவாகவே" என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார். தாளில் அது இல்லை. அவ்வளவுதான். அந்தத் தெளிவு அவரை வீட்டுக்கு அனுப்பியது. தலைவராக உட்கார்ந்திருக்கும் ஃபோர்ட்டலேசாக்காரி ஜுலெய்டே விரலை வரியின்மேல் வைத்துக் கூடவே நகர்த்துகிறாள். பெஸ்டானாவுக்கு விரல் தேவையில்லை, பென்சில் போதும். மஞ்சள் பென்சில், தலையில் ரப்பர். அந்த ரப்பர் தேய்ந்து யாரும் பார்த்ததில்லை, பென்சில் கட்டை விரலளவு குட்டையாகிப் போனாலும் தலையில் ரப்பர் மணப்பெண் மாதிரி புதிதாக உட்கார்ந்திருக்கும். அவர் குறித்தது குறித்ததுதான். "முதல் பிரிவு, வளைவின் வரையறை" என்று வாசித்தது வாய். கடைசி வரிசையில் அம்மா உட்கார்ந்திருந்தாள், மடியில் பிளாஸ்டிக் பை, பையில் குடையும் ஸ்வெட்டரும். மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்திருந்தாள். காலையில் வாசலிலேயே கேட்டுவிட்டாள், "நீ எழுதினதை நீயே படிக்கிறதுக்கு எதுக்கு இத்தனை பேர்?" "தப்பு இருக்கான்னு பார்க்கத்தான், அம்மா." "அதை உன்கிட்டயே கேட்டா நீயே சொல்லிடுவியே." சொல்லிவிடுவேன்தான் அம்மா. இப்போதே சொல்லிவிடலாம் போலிருக்கிறது. ஆனால் தாளில் எழுதாததைச் சொல்ல இங்கே வாய்க்கு அனுமதியில்லை.

வாய் திறந்திருக்கும்போது பேச முடியாமல் போவது அவளுக்குப் புதிதல்ல. ஹெரிங்கர் துணைத்தேற்றம் பிறந்ததே பல் மருத்துவரின் நாற்காலியில். விளக்கு கண்ணில் அடிக்கிறது, வாய்க்குள் இரண்டு கருவி, மருத்துவர் கால்பந்து பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார், அப்போது திடீரென்று, சோப்புப் படலம் ஒன்று கம்பி வளையத்தில் எப்படி நிற்கும், எதற்கு மேல் கிழியும் என்பது, இரண்டு வருஷமாகப் பிடிபடாதது, கால் மேல் கால் போட்டுக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தது. ஆ என்றாள். வலிக்குதா என்றார். இல்லை என்று சொல்லவும் வழியில்லை. இன்னொரு ஊசி போட்டுவிட்டார். பாதி முகம் மரத்துப்போய் வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் எழுதினாள், எச்சில் தாளில் சொட்டியது, வெற்றியின் சுவை மருந்துக்கடை வாசம். அது அச்சில் வந்த பிறகு ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்தது, "அன்புள்ள திரு. ஹெரிங்கர்". அந்தத் 'திருவாளர்' பான் நகரில் போய் இறங்கியபோது வரவேற்க வந்தவர் அவளைத் தாண்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு "நான்தான் அவர்" என்றாள். அது நல்ல நாள். நல்ல நாட்கள் நிறைய இருந்திருக்கின்றன, அவற்றை எண்ணிப் பார்க்க யாரும் பெட்டிக்குள் கைவிடச் சொல்வதில்லை. பள்ளி முடித்து முதன்முதலாக ரியோவுக்குப் போன நாள், பஸ் மலையை இறங்க இறங்கக் காது அடைத்துக்கொண்டது, கீழே வந்ததும் ஒரு சொடுக்கில் திறந்தது, திறந்த காதில் விழுந்த முதல் சொல் கிளேபருடையது. முதல் வகுப்பு, அறிமுகம். "நோவா ஃப்ரிபுர்கோவா? உள்ளாடை தைக்கிற ஊராச்சே! அப்போ வளைவு பத்தி உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்." வகுப்பு உருண்டு புரண்டது. அவளும் சிரித்தாள், வீட்டுக்குப் போய் யோசித்தாள், அந்த மடையன் சொன்னது உண்மைதானே என்று பட்டது. அதையே முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டாள்.

"ஒரு புள்ளியில் பரப்பு இரு முதன்மைத் திசைகளில் எவ்வளவு வளைகிறது என்பதை அளந்து, அவ்விரு எண்களையும் பெருக்கினால் கிடைப்பது அப்புள்ளியின் வளைவு" என்று வாசிக்கும்போது தாளில் எழுத்து தெரியவில்லை, பட்டறை தெரிந்தது. நீள அறை, வரிசையாகத் தையல் மிஷின், ஒவ்வொரு மிஷினுக்கு முன்னாலும் ஒரு முதுகு, அந்த முதுகுகளில் ஒன்று அம்மாவுடையது, எது என்று பின்னாலிருந்தே சொல்லிவிடுவாள், அம்மா மட்டும் காலால் மிஷினை மிதிக்கும்போது தோளும் கூட மிதிக்கும். தட்டையான துணி வரும். அதில் ஓர் ஆப்பு வெட்டி எடுத்து, வெட்டிய ஓரத்தையும் ஓரத்தையும் சேர்த்துத் தைப்பார்கள். தைத்ததும் துணி தானாக எழுந்து குமிழும். ஆப்பு பெரிதானால் குமிழ் பெரிது. பள்ளி விட்டு வந்தால் இல்மாவுக்கு அங்கே ஒரு வேலை உண்டு, தைத்து முடித்த பிரா கிண்ணங்கள் உள்புறம் வெளியே தெரிகிற மாதிரி குவிந்து கிடக்கும், ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் குத்தி வெளிப்புறம் திருப்ப வேண்டும். பொத்தென்று ஒரு சத்தம். குவியல் குவியலாகப் பொத் பொத். உள்ளே வெளியே, உள்ளே வெளியே. இன்னொரு தொட்டியும் இருந்தது, ஜட்டிக்குப் போடும் எலாஸ்டிக்கை வளையமாகத் தைக்கும்போது கவனக்குறைவால் ஒரு முறுக்கு விழுந்துவிட்டால் அந்த வளையம் கழிவுத் தொட்டிக்குப் போகும். அப்படி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தில் பேனாவால் கோடு போட ஆரம்பித்தாள், மறு பக்கத்துக்குப் போகாமலே கோடு மறு பக்கத்துக்கும் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. "அம்மா, இதுக்கு ஒரே பக்கம்தான் இருக்கு." "அதான் தொட்டியிலே கிடக்கு." அம்மா தலையைக்கூடத் திருப்பவில்லை, அப்போது அவளுக்கு வாயில் குண்டூசிகள். ஒரே பக்கம் உள்ளது தொட்டிக்கு. பெஸ்டானாவும் அம்மாவும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே கட்சி. அந்தத் தொட்டியில்தான் ஒன்பது வருஷம் கிடந்தோம் என்று நினைத்தவள், உடனே, கிடக்கவில்லை, அந்த ஒன்பது வருஷத்தில்தான் நல்ல மூன்று கட்டுரை எழுதினேன், இரண்டு பேருக்கு முனைவர் பட்டம் வாங்கித் தந்தேன் என்று தனக்கே பதில் சொன்னாள். பதில் சரி. தொட்டியும் சரி.

பொத். எதுவோ ஒன்று திரும்பியது. உள்ளே வெளியே. கிண்ணத்தை உள்புறம் வெளியாகத் திருப்பினால் அதன் வளைவு மாறுமா? இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மேடு, அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் பள்ளம். இரு திசையிலும் குறி மாறும். மேடு, மேடு என்பது பள்ளம், பள்ளம் என்றாகும். ஆனால் பெருக்கினால்? இரண்டு குறியும் ஒன்றையொன்று தின்றுவிடும். அதே எண். வெட்டி எடுத்த ஆப்பு எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதே ஆப்பு. இது முதல் வருஷப் பாடம், இதற்குப் போய் மயிர்க்கூச்செறிய வேண்டுமா? கூச்செறிந்தது. இப்போது வாசித்து முடித்த முதல் பிரிவில் பக்கம் என்ற பேச்சே வரவில்லை. சரி. வராவிட்டால் என்ன, அடுத்த பிரிவில் வரும். "இரண்டாம் பிரிவு, முக்கோணங்களாகப் பிரித்தல்". பரப்பைச் சின்னச் சின்ன முக்கோணமாக வெட்டு. வெட்டலாம், வெட்டுவதற்குப் பக்கம் வேண்டாம், கத்தரிக்கோலுக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் இருக்கும் வளைவு எவ்வளவு? தட்டையான முக்கோணத்தின் கோணங்கள் கூட்டினால் நூற்றெண்பது பாகை, குமிழ்ந்த முக்கோணத்துக்கு அதைவிடக் கூடுதல், அந்தக் கூடுதல்தான் வளைவு. அதற்கும் பக்கம் வேண்டாம். நில். நிற்காதே, வாய் போகட்டும், நீ மட்டும் நில். கூடுதல்தான் வளைவு என்று எப்போது சொல்லலாம்? முக்கோணத்தின் ஓரங்கள் நேராக இருந்தால், அதாவது பரப்பின் மேலேயே இழுத்துக் கட்டிய நூல் மாதிரி மிகக் குறுகிய பாதையாக இருந்தால் மட்டும். ஓரங்கள் இஷ்டத்துக்கு வளைந்திருந்தால் ஒவ்வோர் ஓரமும் தன் பங்குக்கு ஒரு கணக்கைச் சேர்க்கும். அந்தக் கணக்குகளை அடுத்தடுத்த முக்கோணங்களுக்கு நடுவில் ஒன்றுக்கொன்று தள்ளுபடி செய்ய, புத்தகங்கள் எல்லா முக்கோணத்தையும் ஒரே திசையில் சுற்றிவரச் சொல்லும். ஒரே திசை என்றால் ஒரே பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். பக்கம் வந்துவிட்டது. போன முறை அவள் செய்தது அதுதான், வளைந்த ஓரம், அங்கேதான் பெஸ்டானா பிடித்தார். இந்த முறை எந்த ஓரம் போட்டாள்? வளைந்ததா, நேரா?

நினைவில்லை. நேற்றுத்தான் எழுதினாள், நினைவில்லை. அறை நினைவிருந்தது, சுவரில் தண்ணீர்க் கசிவு, அதன் உருவம் ஆப்பிரிக்கா மாதிரி, வெளியே யாரோ சக்கரம் வைத்த நாற்காலியைத் தரதரவென்று இழுத்துப் போனது, பேனா மூடியைக் கடித்தது, கண்காணிக்க உட்கார்ந்திருந்த பெண் செல்போனில் மகனிடம் "ஃபிரிஜ்ஜுல இருக்கு, சூடு பண்ணித் தின்னு" என்றது, அதெல்லாம் ஒன்று விடாமல் இருந்தது. ஓரம் மட்டும் இல்லை. வளைந்த ஓரத்தோடு எழுதுவதுதான் முழுமையான முறை, நிறைய இடம் பிடிக்கும், அவளுக்கு வழக்கம் அது, கை தானாகப் போகிற பாதை அது. வளைந்ததாகத்தான் இருக்கும். இருக்கும் என்ன, இருக்கிறது. மூன்றாம் தாளின் அடியில் வரி முடிகிறது, "இம்முக்கோணங்களின் ஓரங்கள்" என்று வாசித்தாயிற்று, மிச்சம் அடுத்த தாளில். தாள் புரளவில்லை. வியர்த்த விரலில் ஒட்டிக்கொண்டது. சபை பார்க்கிறது. ஜுலெய்டேயின் விரல் வரியின் கடைசியில் வந்து காத்திருக்கிறது. பெஸ்டானா பென்சிலால் காதோரம் சொறிகிறார். வெளியே விரிகுடாவில், அக்கரை நிதெரோய்க்குப் போகும் படகு ஒன்று ஹாரன் அடித்தது. வளைந்தவை என்று இருந்தால் என்ன செய்வாய்? வாசிப்பேன். எழுந்து அவர் கேட்டால்? ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சொன்னதையே சொல்வேனா? மன்னிக்கவும் என்று? யாரிடம், எதற்கு? அம்மா பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று மடித்தாள். அந்தச் சரசரப்பில்தான் ஞாபகம் வந்தது, கடிகாரம். நேற்று, இந்தத் தாள் திருப்பும் இடத்தில், நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். அரை மணி நேரம்கூட மிச்சமில்லை. வளைந்த ஓரத்தோடு போனால் முடிக்க முடியாது. சீ என்று ஒரு சத்தம் போட்டாள், கண்காணிப்புப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம்? அப்புறம் என்ன எழுதினாய்? விரலை நாக்கில் தொட்டு, பட்டறையில் பில் புரட்டுகிறவள் மாதிரி, தாளைத் திருப்பினாள்.

"அனைத்தும் மிகக் குறுகிய பாதைகள்."

நேர் ஓரம். எல்லாம் நேர் ஓரம். காரணம் ஞானமல்ல, கடிகாரம். அவசரத்தில், நேரமில்லாமல், புத்தகம் போகிற சுற்றுப்பாதையை விட்டுக் குறுக்கே விழுந்து போயிருக்கிறாள், குறுக்கே போனதில் அந்தச் சுற்றுப்பாதையில் மட்டும் இருந்த சுங்கச்சாவடியைப் பார்க்காமலே தாண்டியிருக்கிறாள். நேர் ஓரத்துக்குக் கணக்கு கிடையாது. தள்ளுபடி செய்ய ஒன்றுமே இல்லை. தள்ளுபடி இல்லையென்றால் ஒரே திசையில் சுற்ற வேண்டாம். சுற்ற வேண்டாம் என்றால் பக்கம் வேண்டாம். பக்கமே வேண்டாம்! வாசித்துக்கொண்டே ஒவ்வொரு வரியையும் தட்டித் தட்டிப் பார்த்தாள், தர்ப்பூசணி வாங்குகிறவள் மாதிரி. "ஒவ்வொரு முனையையும் சுற்றியுள்ள கோணங்களின் கூட்டுத்தொகை முந்நூற்றறுபது", இதில் பக்கம் உண்டா, இல்லை. "ஒவ்வோர் ஓரமும் இரு முக்கோணங்களுக்குப் பொது", இதில், இல்லை. கூட்டு, கழி, இல்லை, இல்லை. அந்தச் சொல் எப்படி விடுபட்டது என்பது இப்போதும் தெரியவில்லை, மறதியாகத்தான் இருக்கும், ஆனால் மறந்த சொல் வேண்டாத சொல். எல்லோரும் எல்லா இடத்திலும் போட்டுக்கொண்டே வந்த சொல், வாசலில் கழற்றாமல் வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு திரிந்த செருப்பு. எந்த ஒரு மூடிய பரப்புக்கும் என்று எழுதியிருக்கிறாள், அது எந்த ஒரு மூடிய பரப்புக்கும் உண்மை. பந்துக்கும் டியூபுக்கும் உண்மை. முறுக்கு விழுந்ததற்கும் உண்மை, தொட்டிக்குள் போனதற்கும் உண்மை. குரல் தானாக மேலே ஏறியது, தான் எழுதியதை முதல் தடவையாகக் கேட்பவள் போல அவள் வாசித்தாள், முன்வரிசையில் சாய்ந்து கிடந்த மாணவன் ஒருவன் நிமிர்ந்து உட்கார்ந்தான், ஐந்தாம் தாள் வந்தது, போயிற்று, வாக்கியங்கள் ஒன்றின் தோளில் ஒன்று கை போட்டுக்கொண்டு நடந்தன, பொத் பொத் என்று ஒவ்வொன்றாகத் திரும்பி விழுந்தன, கடைசி வரி, அதற்கடியில் நிரூபணம் முடிந்ததற்கு அடையாளமாக அவள் எப்போதும் போடும் சின்னக் கட்டம். கட்டத்தை வாசிக்க முடியாது. வாசிக்க முடிந்தால் வாசித்திருப்பாள்.

ஜுலெய்டே விரலை எடுத்துக்கொண்டு, எழுதியபடியே வாசிக்கப்பட்டது என்று பதிவு செய்யச் சொன்னாள். "குழுவில் யாருக்காவது ஐயம் உண்டா?" என்று கேட்கும்போதே வலப்பக்கம் திரும்பிக்கொண்டாள், அவளுக்கும் ஊர்ப்பழக்கம் தெரியும். பெஸ்டானா எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மண்டபத்தில் பழைய ஆட்கள் சிலர் முழங்கையால் பக்கத்தில் இருப்பவரை இடித்தார்கள்.

"சென்யோரா, இரண்டாம் தாளில் 'எந்த ஒரு மூடிய பரப்புக்கும்' என்று இருக்கிறது."

"ஆமாம், புரொபசர்."

"எத்தனை பக்கம் உள்ள பரப்பு என்று சொல்லவில்லை."

"எத்தனை இருந்தாலும் சரி."

யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டார். பெஸ்டானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். கோபமில்லை, அவருக்குக் கோபம் வருவதில்லை, அதுதான் கஷ்டம். "ஒருபக்கப் பரப்புக்கும் இந்த நிரூபணம் செல்லும் என்கிறீர்கள்."

"இந்த நிரூபணத்தில் பக்கம் என்பது எந்த வரியில் தேவைப்படுகிறது என்று நீங்கள் காட்டினால், அந்த வரியில் நான் தோற்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்."

அவர் உட்கார்ந்தார். இரண்டாம் தாளை எடுத்தார். மூன்றாம் தாளை எடுத்தார். பென்சில் முனை வரிவரியாக ஊர்ந்தது, ஓரிடத்தில் நின்றது, பிறகு நகர்ந்தது. நான்காம் தாளின் தலையில் நெடுநேரம் நின்றது. அவருடைய உதடு "மிகக் குறுகிய" என்று அசைந்தது. ஜுலெய்டே பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றி ஒரு குட்டித் தம்ளரை அவர் பக்கம் தள்ளினாள், அவர் கவனிக்கவில்லை. கடைசித் தாளுக்குப் போனார், திரும்ப முதலுக்கு வந்தார். இல்மா நின்றுகொண்டே இருந்தாள். பயம் எங்கேயோ இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை, இருந்த இடத்தில் வெளிச்சமாக ஒரு காலி அறை. இத்தனை வருஷம் அந்த அறைக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நாற்பது வருஷமாக நான் அந்தச் சொல்லோடுதான் பாடம் நடத்துகிறேன்" என்றார் பெஸ்டானா, யாரிடமும் இல்லாமல், தாளிடம். பிறகு இரண்டாம் தாளை மேசையில் நேராக வைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பென்சிலைத் தலைகீழாகத் திருப்பினார். புது ரப்பர், முதல் தடவையாக, தாளில் பட்டு வழுக்கியது. தான் போட்ட சுற்றை அழுத்தித் தேய்த்தார். இந்த முறை ஏசி இரைச்சலையும் மீறி அந்தச் சத்தம் கடைசி வரிசைவரைக்கும் கேட்டது. ரப்பர் தூளை ஊதிவிட்டு, "எனக்கு ஐயம் எதுவும் இல்லை, தலைவரே" என்றார். ஊதிய தூள் காபியில் விழுந்தது. அதையே எடுத்துக் குடித்தார்.

முதலில் கைதட்டியவர் யார் என்று தெரியவில்லை. வாசிப்புத் தேர்வில் கைதட்டக் கூடாது என்று விதி இருக்கிறது, ஜுலெய்டே மேசையைத் தட்டினாள், அவள் தட்டியதும் அந்தக் கைதட்டலோடு சேர்ந்துகொண்டது. வாசலுக்குப் போகும் வழியெல்லாம் கைகள் நீண்டன. அம்மா இருக்கையை விட்டு எழவே இல்லை, பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள், ஏசி அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

"நல்லாப் படிச்சே" என்றாள். "நடுவிலே மட்டும் குரல் இறங்கிப் போச்சு. எதையோ தேடிக்கிட்டிருந்த மாதிரி இருந்துச்சு."

"ஒரு வார்த்தையைத் தேடிக்கிட்டிருந்தேன், அம்மா."

"கிடைச்சுதா?"

"அது தேவையே இல்லை" என்றாள் இல்மா. ஸ்வெட்டரின் ஒரு கை உள்புறமாக மாட்டிக்கொண்டிருந்தது. குனிந்து, கட்டைவிரலால் ஒரே குத்தில் அதை வெளியே திருப்பிவிட்டாள்.